போர்தோ துறைமுகத்துக் கிட்டங்கியும் பாண்டிச்சேரி நீலத்துணியும்

புத்தாண்டு மலர் என்றால் எங்கட ஊர்க் கோயில், எங்கட பள்ளிக்கூடம், எங்கட கடற்கரை என்று எழுதுவதுதான் வழக்கம். அது வேணும். எழுதாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும். ஆனால் நாங்கள் இருக்கிற இந்த நாட்டைப் பற்றியும் யாராவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் இந்த முறை கேட்டார்கள். நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். பாரிசுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிப் பொதி செய்கிறது என்ரை வேலை. சரித்திரம் எழுதுவதற்குப் பட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மூட்டை, பெட்டி, கிட்டங்கி என்றால் கொஞ்சம் விளங்கும். ஆகவே ஒரு கிட்டங்கியின் சரித்திரத்தையே எழுதுகிறேன்.

அந்தக் கிட்டங்கி பிரான்சின் தென்மேற்கே போர்தோ நகரத்தில் இருக்கிறது. இப்போது அது கிட்டங்கி அல்ல, சமகாலக் கலைக்கான நூதனசாலை. 'காப்செ' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கரோன் ஆற்றின் கரையில் ட்ராமில் இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் வந்துவிடும்.

சந்திரத் துறைமுகம்

போர்தோவில் கரோன் ஆறு பிறைச்சந்திரன் போல வளைந்து ஓடுகிறது. அதனால் அந்த இடத்துக்குச் 'சந்திரத் துறைமுகம்' என்று பெயர். 2007இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஆற்றங்கரை நெடுகத் தேன் நிறக் கல்லால் கட்டிய மாளிகைகள். வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய முகங்கள். நூதனசாலைக்கு வடக்கே இருப்பது ஷார்த்ரோன் என்ற பகுதி. பழைய காலத்தில் வைன் வியாபாரிகள் குடியிருந்து பீப்பாய் உருட்டிய இடம்.

இவ்வளவு மாளிகையும் வைன் விற்ற காசில் மட்டும் வந்ததா? இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் குடியேற்ற நாடுகளோடு நேரடி வியாபாரம் செய்த துறைமுகங்களில் போர்தோ முன்னணியில் நின்றது. இங்கிருந்து வைனும் மாவும் ஏற்றிக்கொண்டு கரிபியன் தீவுகளுக்குக் கப்பல் போகும். திரும்பி வரும்போது சீனி, கோப்பி, அவுரி நீலம், பருத்தி வரும். இன்றைக்கு ஹெய்ற்றி என்று சொல்கிற சன்-தொமாங் தீவுதான் அந்த நாளில் பெரிய சீனிச் சுரங்கம். அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டு போகப்பட்ட அடிமைகள். அடிமைகளை ஏற்றுவதற்கென்றே போர்தோவிலிருந்து போன பயணங்கள் சுமார் 500 என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தக் கப்பல்களில் கொண்டு போகப்பட்ட மனிதர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேலே.

இறங்கியும் இறங்காத பண்டம்

சன்-தொமாங்கில் அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் அந்தத் தீவு சுதந்திர நாடானது. போர்தோ வியாபாரிகளுக்கு அது பேரிழப்பு. பிறகு மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியோன் தீவுகளின் சீனியை நம்பி மறுபடியும் எழும்பப் பார்த்தார்கள். அப்போது கட்டியதுதான் இந்தக் கிட்டங்கி. வேலை முடிந்தது 1824இல். கட்டியவர் குளோட் தெஷாம் என்ற பொறியியலாளர். 1822இல் திறந்த போர்தோவின் கல்லுப் பாலத்தைக் கட்டியவரும் இவர்தான். 17 வளைவுகள் உள்ள அந்தப் பாலம் இன்றைக்கும் நிற்கிறது.

இது சும்மா சாமான் போடுகிற இடம் இல்லை, சுங்கக் கிட்டங்கி. வெளிநாட்டுச் சாமான் கப்பலால் இறங்கும், ஆனால் அதற்குத் தீர்வை கட்டத் தேவையில்லை. சுங்க இலாகாவின் பூட்டுக்குள்ளே அது காத்திருக்கும். வியாபாரி அதைப் பிரான்சுக்குள் விற்கிற அன்றைக்குத்தான் தீர்வை. வேறு நாட்டுக்கு அனுப்பினால் தீர்வையே இல்லை. அதாவது மூட்டை பிரான்சு மண்ணில் கிடக்கிறது, ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது இன்னும் பிரான்சுக்குள் வரவில்லை! அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக் கணக்காக, வருடக் கணக்காகத் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு இந்தச் சட்டத்தை ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கட்டிடம் முடிந்தது 1824. பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை முடிவாக ஒழித்தது 1848. அப்படியென்றால் முதல் 24 வருடம் அந்த மண்டபத்துக்குள் அடுக்கிய தீவுச் சீனி அடிமைகளின் கையால் வந்த சீனி. மூட்டைக்கு இலக்கம் போட்டார்கள், நிறுத்தார்கள், வியாபாரியின் பெயர் எழுதினார்கள். வெட்டியவனின் பெயருக்கு அந்தப் பதிவேட்டில் இடம் இருக்கவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

போன கோடையில் எங்கட வேலைத்தலத்தில் போர்தோவுக்கு ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்தார்கள். எங்களோடு வேலை செய்கிற வவுனியா அண்ணர் ஒருவரும் வந்தார். நூதனசாலைக்குள் நுழைந்தவுடன் ஒரு பெரிய நடுமண்டபம். பரப்பு 1000 சதுர மீற்றருக்கும் கூட. இரண்டு பக்கமும் கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பிய வளைவுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. கோயில் மண்டபத்துக்குள் நிற்கிற மாதிரி ஒரு குளிர்மை. நாங்கள் போன நேரம் ஒரு கண்காட்சி முடிந்து அடுத்ததற்கு ஆயத்தம் நடந்ததால் நடுமண்டபம் அநேகமாக வெறுமையாகக் கிடந்தது.

அண்ணர் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஒண்டையும் காணேல்லை. கட்டிடத்தைப் பாக்கவோ ரிக்கற் எடுத்தனாங்கள்?" என்றார்.

"ஓம் அண்ணை, முதல்ல கட்டிடத்தைத்தான் பாக்க வேணும்" என்றேன்.

அவர் வளைவுகளை எண்ணத் தொடங்கினார். பிறகு ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு, "மூட்டை சுமந்தவன்ரை முதுகு என்ன பாடு பட்டிருக்கும்" என்றார். அவருக்குப் பத்து வருடமாக முதுகு வருத்தம்.

20ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் பெருத்தன. துறைமுக வேலை ஆற்றின் கீழ்ப்பக்கம், கடலை நோக்கிப் போய்விட்டது. கிட்டங்கி கைவிடப்பட்டு, இடித்துத் தள்ளுகிற கதையும் வந்தது. 1973இல் மாநகரசபை அதை வாங்கிக் காப்பாற்றியது. அதே வருடம் ஜோன்-லூயி புரொமோன் என்பவர் இந்தக் கலை நிலையத்தைத் தொடங்கினார். 1984இல் அது நூதனசாலை ஆனது. திருத்த வேலைகள் 1990இல் முடிந்தன. பழைய கல்லை மூடி மறைக்காமல் விட்டது நல்ல காரியம்.

சமகாலக் கலை என்றால் எங்களில் பலருக்கு ஒரு பயம். எங்களுக்கு விளங்காது என்று ஒதுங்கிவிடுகிறோம். இரண்டு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் 1985இல் இங்கே வந்து, இந்த வளைவுகளின் அளவுக்கே 10 பெரிய ஓவியங்கள் கீறினார். ஒவ்வொன்றும் 7 மீற்றருக்கும் கூடிய உயரம். பொருள் பைபிளின் பத்துக் கட்டளைகள். நியூயோர்க் நிலக்கீழ் ரயில் நிலையங்களில் வெண்கட்டியால் கீறிப் பெயர் எடுத்தவர் அவர். 1990இல், 31 வயதிலேயே, எயிட்ஸ் நோயால் இறந்துபோனார். மற்றவர் இங்கிலாந்துக்காரர் ரிச்சர்ட் லோங். 1990இல் கூரை மேல் வெளியில் வெள்ளைக் கற்களை நீளமாகப் பரப்பி ஒரு பாதை போலச் செய்தார். கல் அடுக்குவது ஒரு கலையா என்று கேட்கலாம். நாள் முழுக்கப் பெட்டி அடுக்குகிற எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. ஒழுங்காக அடுக்கிய ஒன்றைப் பார்த்தால் செய்தவன் யார் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

பாண்டிச்சேரி நீலத்துணி

இங்கேதான் தமிழ் ஆட்களின் கை வருகிறது. இது ஈழத்துக் கதை அல்ல, பாண்டிச்சேரி, காரைக்கால் கதை. அந்த ஊர்கள் அன்றைக்குப் பிரான்சின் கீழே இருந்தன.

பாண்டிச்சேரிப் பக்கத்து நெசவாளர்கள் பருத்தித் துணி நெய்து, அவுரியில் தோய்த்து, கடும் நீலமாக்குவார்கள். பிரெஞ்சு வியாபாரிகள் அதற்கு வைத்த பெயர் 'கினே'. ஏன் அந்தப் பெயர்? ஆபிரிக்காவின் கினிக் கரையில் விற்பதற்காக நெய்த துணி அது. அடிமை வியாபாரம் நடந்த காலத்தில் இந்தியப் பருத்தித் துணி ஆபிரிக்கக் கரையில் மனிதரை வாங்கக் கொடுத்த முக்கிய பண்டங்களில் ஒன்று. எங்கோ ஒரு கிராமத்தில் குழித்தறியில் இருந்து நெய்தவனுக்குத் தன் துணி எதற்கு விலையாகப் போனது என்று தெரிந்திருக்காது. தெரியாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். தமிழன் பெருமை என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேணும் என்பது என்ரை அபிப்பிராயம்.

அடிமை வியாபாரத்தைத் தடை செய்த பிறகும் நீலத்துணி நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பாண்டிச்சேரியில் கப்பலேறி, போர்தோவின் சுங்கக் கிட்டங்கிக்கு வந்து, அங்கிருந்து ஆபிரிக்காவின் செனகலுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணி காசு மாதிரி. அதைக் கொடுத்து வேலம்பிசின் வாங்கினார்கள். பிசின் ஐரோப்பாவின் துணி அச்சிடும் தொழிற்சாலைகளுக்குப் போனது. தீர்வை கட்டாமல் காத்திருந்து வேறு நாட்டுக்குப் போகிற பண்டம் என்று மேலே சொன்னேனே, அதில் தமிழ்க் கை பட்ட துணியும் ஒன்று.

1820களின் இறுதியில் பாண்டிச்சேரியிலேயே சவானா என்ற ஆலையைப் பிரெஞ்சுக்காரர் தொடங்கினார்கள். நூறு வருடம் கழித்து, 1936 யூனில், பிரான்சுத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்து 40 மணி நேர வாரமும் சம்பளத்தோடு இரண்டு கிழமை லீவும் பெற்றார்கள். அதே கோடையில் பாண்டிச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டார்கள். 1936 யூலை 30இல் சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. இன்றைக்கு எங்கட சம்பளத் துண்டில் லீவு நாள் கணக்கைப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டையும் ஞாபகம் வைத்திருக்க வேணும்.

கொலொம்போ பக்கற்

1848இல் அடிமைகள் விடுதலையானதும் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடினார்கள். 'ஓரேலி' என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக் தீவுக்கும், 1854 மார்கழியில் குவாதலூப் தீவுக்கும் முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. 1880கள் வரையில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் இந்தியாவிலிருந்து போனார்கள். பலர் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறிய தமிழர். கரும்பு வெட்டியது இவர்கள். சீனி வந்தது போர்தோ போன்ற பிரெஞ்சுத் துறைமுகங்களுக்கு.

அவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது. ஆனால் மாரியம்மன் போகவில்லை. 'மலியெமேன்' என்று இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். கறியும் போகவில்லை. இங்கத்தைக் கடைகளில் 'கொலொம்போ' என்று எழுதிய மஞ்சள் தூள் பக்கற் கண்டிருப்பீர்கள். கொழும்புப் பட்டணத்துத் தூள் என்று நினைத்து வாங்குகிற எங்கட சனமும் உண்டு. தமிழ்க் 'குழம்பு'தான் அப்படித் திரிந்தது என்பது பலர் சொல்லும் விளக்கம். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு... மணந்து பார்த்தால் விளங்கும்!

பெயர் எழுதுகிற காலம்

போர்தோ நகரம் நெடுங்காலம் இந்தப் பழைய கதையைப் பேசாமல் இருந்தது. 2009இல் அக்கித்தேன் நூதனசாலையில் அடிமை வியாபாரத்துக்கென்று தனியாகக் கண்காட்சி அறைகள் திறந்தார்கள். 2019 வைகாசியில் ஆற்றங்கரையில் மொதெஸ்த் தெஸ்தாஸ் என்ற பெண்ணுக்குச் சிலை வைத்தார்கள். ஆபிரிக்காவில் பிறந்து, போர்தோ வியாபாரிச் சகோதரர்களால் வாங்கப்பட்டு, சன்-தொமாங்குக்குக் கொண்டு போகப்பட்டவர் அவர். அவருடைய இயற்பெயர் அல் பூவெஸ்ஸி. அதையும் சேர்த்து எழுதியதுதான் பெரிய விஷயம். மூட்டைக்கு மட்டும் இலக்கம் எழுதிய துறைமுகத்தில், 200 வருடம் கழித்து மனிசிக்குப் பெயர் எழுதியிருக்கிறார்கள்.

எங்கட தாய் தகப்பன்மார் 1980களில் தொடங்கி இந்த நாட்டுக்கு வந்தார்கள். வெறுங்கையோடு, முன்பின் தெரியாத இடத்துக்கு வந்தோம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அது உண்மை. அதோடு இதையும் சொல்லுங்கள்: எங்கட மொழி பேசினவர்களின் துணியும் வியர்வையும் எங்களுக்கு முதலே இந்தத் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறது. இந்த நாட்டின் மாளிகைகளில் ஆபிரிக்கருடைய உழைப்போடு அதுவும் ஒரு சின்னப் பங்கு. உரிமை கொண்டாட அல்ல, தலை குனியாமல் நடக்க இது உதவும்.

பாரிசிலிருந்து விரைவு ரயிலில் போர்தோ இரண்டு மணித்தியாலம்தான். லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். காப்செ, அக்கித்தேன் நூதனசாலை, ஆற்றங்கரைச் சிலை மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். கலை விளங்காவிட்டால் பரவாயில்லை. வளைவுகளுக்குக் கீழே நின்று, இதற்குள்ளே என்ன இருந்தது, அதைச் செய்தவர் யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துக்கள்.