தாயின் கையில் ஓர் அட்டை

அங்கன்வாடிக்குப் பிள்ளையைத் தூக்கிச் சென்ற தாய்மார் அனைவரும் அந்த அட்டையை அறிவார்கள். அதில் வளைந்து மேலேறும் கோடுகள் இருக்கும். மாதந்தோறும் பிள்ளையை எடைபோட்டு அதில் ஒரு புள்ளி வைப்பார்கள். இந்த எளிய அட்டை மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு கிராமத்திலிருந்து உலகெங்கும் பரவியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இந்த வாரம் அதன் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இவ்வரலாறு ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறது. 1929ஆம் ஆண்டு சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், அந்நாளில் கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட கானாவுக்கு வந்தார். அங்கே ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பலர் கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி இறப்பதைக் கண்டார். அவர் கற்ற மருத்துவ நூல்கள் அதற்கு விடை தரவில்லை. ஆகவே அவர் அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டார். கா மொழி பேசிய அப்பெண்கள் அந்நோய்க்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறக்கும்போது, தாய்மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

நோய் எப்போது வருகிறது என்பது அந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருந்தது. தாய்ப்பால் நின்றுபோன பிள்ளைக்கு மக்காச்சோளக் கஞ்சி மட்டுமே கிடைத்தது. வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் அதில் போதுமான அளவு இல்லை. வில்லியம்ஸ் 1933இல் இந்நோயை விவரித்து எழுதினார். 1935இல் லான்செட் இதழில் அந்தக் கா மொழிப் பெயரையே அதற்குச் சூட்டினார். இது பெலாகரா என்னும் பழைய நோயே என்று வாதிட்ட வல்லுநர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தத் தாய்மார் சொன்ன பெயரே இன்றுவரை மருத்துவ நூல்களில் நிலைத்திருக்கிறது.

கானாவிலிருந்து இனி நைஜீரியாவுக்குச் செல்வோம். தென்மேற்கு நைஜீரியாவில் யொருபா மக்கள் வாழும் இலேஷா நகரில், மெதடிஸ்ட் திருச்சபையார் நிறுவிய வெஸ்லி கில்டு மருத்துவமனை இருக்கிறது. 1956இல் டேவிட் மோர்லி என்ற இளம் குழந்தை மருத்துவர் அங்கே பணிக்கு வந்தார். அவர் ஒரு போதகரின் மகன்.

அந்நாளில் அங்கே பிள்ளைகளைப் பறிகொடுக்காத வீடுகள் அரிது. யொருபா மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இடும் பெயர்களே அதற்குச் சாட்சி. பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த தாய், பின்பு பிறந்த குழந்தைக்கு 'மலோமோ' என்று பெயரிடுவாள். 'இனிப் போகாதே' என்பது அதன் பொருள். 'துரோஜாயே' என்பது மற்றொரு பெயர். 'நின்று வாழ்வை அனுபவி' என்று அது கெஞ்சுகிறது. ஒரு பெயரையே வேண்டுதலாக்கி, அதை நாள்தோறும் வாசலில் நின்று கூப்பிட்ட தாய்மாரைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

மோர்லி விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகள் மிகவும் தாமதமாக வந்தார்கள். பிழைத்த பிள்ளையும் அதே கஞ்சிக்கும் அதே காய்ச்சலுக்குமே திரும்பிச் சென்றது. தட்டம்மை, கக்குவான் இருமல், மலேரியா, வயிற்றுப்போக்கு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, ஏற்கெனவே மெலிந்திருந்த பிள்ளையைக் கொண்டுபோயின. கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு வைத்தியம் செய்வதோடு நின்றால் இந்த ஓட்டத்தை நிறுத்த முடியாது என்று அவர் உணர்ந்தார்.

ஆகவே இலேஷாவுக்கு அப்பாலுள்ள இமேசி-இலே என்ற கிராமத்துக்கு அவருடைய கவனம் சென்றது. அங்கே ஏறத்தாழ 400 பிள்ளைகளின் வளர்ச்சி, பிறப்பு முதல் ஐந்து வயதுவரை கவனிக்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு சிகிச்சையகமும் நடத்தப்பட்டது. அக்காலத்துப் பிரிட்டனில் நலமுள்ள குழந்தைக்கு ஓரிடம், நோயுற்ற குழந்தைக்கு வேறிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். வயலிலும் சந்தையிலும் உழைக்கும் ஒரு தாய் இரண்டு இடங்களுக்கு அலைய முடியுமா? இங்கே காய்ச்சலுக்கு மருந்து, தடுப்பூசி, எடைபோடுதல், உணவு பற்றிய ஆலோசனை ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. அங்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோரைக் கவனித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர்; அந்த நாட்டிலேயே பயிற்சி பெற்ற செவிலியர்கள்.

இனி அந்த அட்டைக்கு வருவோம். 'ஆரோக்கியத்துக்குச் செல்லும் பாதை' என்று அதற்குப் பெயர். பிள்ளை பிறந்த மாதத்தை முதல் கட்டத்தில் எழுதி, அடுத்தடுத்த மாதங்களை வரிசையாக நிரப்பிவிடுவார்கள். அதன்பின் வயதைக் கணக்கிட வேண்டியதில்லை. மேலும் கீழுமாக இரண்டு வளைகோடுகள் இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்டதே பாதை. ஆனால் பிள்ளையின் புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைவிட, அதன் கோடு எத்திசையில் செல்கிறது என்பதே முக்கியம். சிறிய பிள்ளையானாலும் கோடு ஏறிக்கொண்டிருந்தால் நலம். கோடு படுத்துவிட்டால், கண்ணுக்கு மெலிவு தெரியுமுன்பே ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள்.

பிள்ளைக்கு வந்த நோய்களும் இட்ட தடுப்பூசிகளும் அதில் எழுதப்பட்டன. இரட்டைப் பிள்ளையா, எடை குறைவாய்ப் பிறந்ததா, உடன்பிறந்தோர் இறந்திருக்கிறார்களா, தாய் இருக்கிறாளா என்று தனிக் கவனத்துக்குரிய காரணங்களும் குறிக்கப்பட்டன. கா மொழித் தாய்மார் ஒரே சொல்லில் சொன்ன எச்சரிக்கை, இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய வரைபடமாயிற்று.

பிரியமானவர்களே, இவை எல்லாவற்றிலும் துணிச்சலான முடிவு வேறொன்று. அந்த அட்டையை மருத்துவமனை வைத்துக்கொள்ளவில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தாயின் கையில் கொடுத்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணிடம் மருத்துவக் குறிப்பைக் கொடுப்பதா, அவள் தொலைத்துவிட மாட்டாளா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் நடந்தது என்ன? மருத்துவமனை அலமாரிகளில் தாள்கள் தொலைந்ததைவிடத் தாய்மாரிடம் அட்டைகள் தொலைந்தது குறைவு. கோடு ஏறுகிறதா, படுத்துக் கிடக்கிறதா என்று பார்க்க எழுத்தறிவு தேவையில்லை. தன் பிள்ளையின் நலத்தைத் தானே காணக்கூடியவளாய் அவள் ஆனாள்.

இமேசி-இலேயில் பிள்ளைகளின் மரணம் வெகுவாய்க் குறைந்தது. அத்தகைய சிகிச்சையகம் இல்லாத பக்கத்து ஊரோடு பின்னாளில் ஒப்பிட்டபோதும் அந்த வேறுபாடு தெளிவாய்த் தெரிந்தது. 1961இல் மோர்லி இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1965இல் எளிய கற்பித்தல் கருவிகளைக் குறைந்த விலையில் ஏழை நாடுகளுக்கு அனுப்பும் பணியைத் தொடங்கினார். அந்த அட்டை நாடு நாடாய்ப் பரவியது. 1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்திலும், ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டு வளர்ச்சி அட்டையில் குறித்தார்கள். கோடு படுத்த பிள்ளைக்கு உடனே கூடுதல் உணவு கொடுத்தார்கள்.

ஆனால் இவ்வரலாற்றுக்கு வருந்தத்தக்க ஒரு பக்கமும் உண்டு. அட்டை உலகெங்கும் பரவியபோது, பல இடங்களில் அதன் உயிர் பிரிந்துவிட்டது. எடை போட்டார்கள், புள்ளி வைத்தார்கள், தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோடு படுத்திருப்பது பதிவேட்டுக்குத் தெரிந்தது, பெற்றவளுக்குத் தெரியவில்லை. அட்டையைப் பரப்புவது எளிது. அதைத் தாயின் கையில் கொடுக்கச் செய்த நம்பிக்கையைப் பரப்புவது அரிது. இமேசி-இலேயில் பிள்ளைகளைக் காத்தது மருந்தும் தாளும் மட்டுமல்ல. ஒரு செவிலியரும் ஒரு தாயும் ஒரே கோட்டைச் சேர்ந்து பார்த்த அந்தச் சில நிமிடங்களும் கூடத்தான்.

யாத்திராகமத்தின் தொடக்கத்தில் ஆண்பிள்ளைகளைக் கொல்லக் கட்டளையிட்ட மன்னனின் பெயர் எழுதப்படவில்லை. 'பார்வோன்' என்ற பட்டம் மட்டுமே இருக்கிறது. ஆனால் பிள்ளைகளை உயிரோடே காத்த சிப்பிராள், பூவாள் என்னும் இரண்டு மருத்துவச்சிகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கா மொழித் தாய்மாரின் பெயர்களையும் இமேசி-இலேயின் செவிலியர்களின் பெயர்களையும் நம்மில் பெரும்பாலோர் அறியோம். அவர்களை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதே நம் விசுவாசம்.

இந்த வாரம் உங்களிடம் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். ஏழைகளுக்கு உதவும்போது நாம் நம்முடைய அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்வது எது? அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டியது எது? அடுத்த முறை ஓர் இளந்தாய் பிள்ளையோடு உங்கள் முன் வந்து நின்றால், ஆலோசனை சொல்லுமுன் அவள் அறிந்ததைக் கேளுங்கள். சிசிலி வில்லியம்ஸ் அப்படித்தான் தொடங்கினார்.