இனாமா? சம்பளமா? - டிப்ஸ் பற்றி கொஞ்சம் சரித்திரம்

தீபாவளி நெருங்கினாலே எங்க கோட்டூர்புரத்தில் காலிங் பெல்லுக்கு ஓய்வே கிடையாது. போஸ்ட்மேன், சிலிண்டர் போடறவர், குப்பை எடுக்கறவங்க, ராத்திரி விசில் அடிக்கிற கூர்க்கா... எல்லாருக்கும் "தீபாவளி இனாம்". அதையே ஹோட்டலில் வெச்சா டிப்ஸ். போலீஸ்காரருக்குக் கொடுத்தா மாமூல்!

இனாம், மாமூல் ரெண்டுமே அரபியிலிருந்து வந்த சொற்கள். இனாம்னா கொடை, மாமூல்னா வழக்கம். கொடை எப்படி வழக்கமாகி, அப்புறம் கட்டாயமாகுதுன்னு இந்த ரெண்டு வார்த்தையே சொல்லிடுது பாருங்க.

பழைய மெட்ராஸ் ராஜதானியில் இனாம்னா சில்லறைக் காசு இல்லை, நிலம்! வரி கட்டாமலோ குறைச்சலா கட்டியோ அனுபவிக்கலாம். கோயில்களுக்கு மட்டுமில்லை, தலையாரி, வெட்டியான் மாதிரி கிராம ஊழியர்களுக்கும் இனாம் நிலம் உண்டு. பேருக்குத்தான் கொடை, நிஜத்தில் அதுதான் அவங்க சம்பளம். 1858-ல் வெள்ளைக்காரன் இனாம் கமிஷன் போட்டு, யாருக்கு என்ன உரிமைன்னு தோண்டித் துருவினான். சுதந்திரத்துக்கு அப்புறம், 1963-ல் சட்டம் போட்டு இங்கே இனாம்களை ஒழிச்சாங்க.

அமெரிக்காவிலும் இதே கதைதான். உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் புல்மன் கம்பெனி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை ரயிலில் போர்ட்டர்களா வேலைக்கு எடுத்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகள் டிப்ஸா கொடுக்கட்டும்னு விட்டுட்டாங்க. 1925-ல் சங்கம் ஆரம்பிச்சு, 1937-ல்தான் அவங்களால ஒப்பந்தம் போட முடிஞ்சது. இன்னிக்கும் அங்கே மத்தியச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் (டிப்ஸ் சேர்ந்தும் 7.25 வரலைன்னா மீதியை அவர் போடணும்). 1991-லிருந்து அந்த 2.13 நகரவே இல்லை! அங்கே 15, 20 சதவீதம் வைக்கலைன்னா முறைக்கிறாங்கன்னா காரணம் இதுதான். முதலாளி கொடுக்க வேண்டியதை நாம கொடுக்கறோம். என்னைக் கேட்டா, இது சுத்த ஏமாற்று வேலை.

நம்ம ஊர் ஹோட்டல்களில் இது "சர்வீஸ் சார்ஜ்"னு பில்லிலேயே ஏறிச்சு. தானாகச் சேர்க்கக் கூடாதுன்னு 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிச்சு. ஹோட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பு சொன்னது.

சரி, மனசார வைக்கணும்னா எவ்வளவு? பத்து சதவீதம்னா சுலபமான வழி இருக்கு. சாதாரண ஹோட்டலில் ஜி.எஸ்.டி. 5%. பில்லில் ரெண்டு வரியா இருக்கும், கூட்டி ரெண்டால் பெருக்குங்க. சாப்பாடு 480 ரூபாய், வரி 12+12=24, டிப்ஸ் 48. ஸ்டார் ஹோட்டலில் மட்டும் முயற்சி பண்ணாதீங்க. அங்கே வரி 18% இருந்தா, டிப்ஸ் 36% ஆயிடும் :-)