சங்கொலி நின்ற ஊர்

வேலையின்மை வயிற்றை மட்டுமே வாட்டும் என்று எண்ணுவோர் உளர். பசி முற்றினால் மக்கள் தாமாகவே கிளர்ந்தெழுவர் என்று நம்புவோரும் நம்மிடையே உளர். இவ்விரு எண்ணங்களும் எத்துணை குறைபாடுடையவை என்பதைக் காட்டிய சிற்றூர் ஒன்று ஒஸ்திரியாவில் உண்டு. வியன்னா நகருக்கு அண்மையிலுள்ள அவ்வூரின் பெயர் மரியென்தால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த நெசவாலையே மரியென்தாலுக்கு உயிர். தொழிலாளர்க்கு நூலகமும் நாடகக் குழுவும் பந்தாட்டக் கழகமும் இருந்தன. அரசியல் விவாதங்களுக்கும் குறைவில்லை. 1929 நடுப்பகுதியில் ஆலை ஒவ்வொரு பகுதியாக ஓயத் தொடங்கியது. 1930 தொடக்கத்தில் முற்றாக மூடப்பட்டது. ஊரிலிருந்த 478 குடும்பங்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் அரசின் உதவிப்பணத்தையே நம்பி வாழவேண்டியதாயிற்று. சிறு வேலையொன்று செய்து கூலி பெற்றாலோ அதுவும் பறிபோகும்!

தொழிலாளரின் ஓய்வு நேரத்தை ஆராய விரும்பிய இளைஞர் போல் லாசர்ஸ்பெல்டை, வேலையின்மையை ஆராயுமாறு திருப்பியவர் சோஷலிசத் தலைவர் ஒட்டோ பவர். மரீ யகோடா, ஹான்ஸ் சைசெல் முதலியோரும் சேர, 1931 இறுதியில் ஆய்வு தொடங்கிற்று. வெறும் பார்வையாளராக எவரும் அவ்வூரில் இருத்தலாகாது, மக்களுக்குப் பயன்படும் பணியொன்றையும் செய்தல் வேண்டும் என்பது அவர்களது விதி. ஆகவே ஆடைகள் திரட்டி வழங்கினர். மருத்துவ ஆலோசனைக்கும் தையல் வகுப்புக்கும் ஒழுங்கு செய்தனர்.

அவர்கள் கண்டது என்ன? கையில் நேரம் மிகுந்தது. அதைப் பயன்படுத்தும் ஆற்றலோ குறைந்தது. நூலகக் கட்டணம் நீக்கப்பட்ட பின்னரும், 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் பெற்ற நூல்களின் தொகை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. ஆண்கள் தெருவில் சில அடி நடப்பர், நிற்பர், மீண்டும் நடப்பர். செல்வதற்கு இடமில்லாதவன் விரைந்து நடப்பது எதற்கு? அன்று காலை என்ன செய்தாய் என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாது திகைத்தனர்.

பெண்கள் நிலை வேறு. கூலி போயிற்றேயன்றி வேலை போகவில்லை. சமையலும் துவையலும் கந்தலைத் தைப்பதும் முன்னிலும் கூடின. ஆகவே அவர்கள் நடை ஆண்களின் நடையைவிட விரைவாக இருந்தது. நாள் முழுதும் வேலையற்றிருக்கும் கணவன் மதிய உணவுக்கும் நேரத்தில் வருவதில்லையே என்று மனைவியர் மனம் நொந்தனர். ஒருவன் நெஞ்சில் படிந்த சோர்வின் சுமை இவ்வாறு மற்றொருத்தியின் தோளில் ஏறிற்று.

குழந்தைகளையும் அது விடவில்லை. உதவிப்பணம் வருவதற்கு முந்திய நாளில், வகுப்பொன்றின் 38 பிள்ளைகளுள் 19 பேர் வெறும் ரொட்டியுடனோ வெறுங்கையுடனோ பள்ளிக்கு வந்தனர். பணம் வந்த மறுநாள் அவ்வாறு வந்தோர் இருவரே. நத்தார்ப் பரிசாக என்ன வேண்டும் என்று கட்டுரை எழுதச் சொன்னால், 'பெற்றோரிடம் பணம் இருந்தால்' என்ற நிபந்தனையோடே எழுதினர். ஆசைப்படுவதற்கும் அஞ்சிய பிள்ளைகள்!

ஆய்வாளர் மக்களின் மனநிலையை நான்காக வகுத்தனர்: உடையாதோர், அமைந்து போனோர், நம்பிக்கை இழந்தோர், எதிலும் பற்றற்றோர். இப்படிநிலைகள் வருவாயோடு பிணைந்திருந்தன. ஆளொன்றுக்கு மாதந்தோறும் கிடைத்த பணம் முதல் வகுப்பினர்க்குச் சராசரி 34 சிலிங். இறுதி வகுப்பினர்க்கு 19. சில சிலிங்குகளின் குறைவில் மனித நெஞ்சம் ஒரு படி இறங்கிற்று. மனச்சோர்வு செல்வரையும் பற்றும் நோயே. அதற்கு மருத்துவமும் வேண்டும். ஆயினும் ஓர் ஊரே ஒருங்கு சோர்ந்தால், அதனைத் தனிமனிதரின் குணக்கேடு என்றோ சோம்பல் என்றோ பழிப்பது அறமாகுமா?

நாம் சிந்திக்கவேண்டியது இன்னொன்று. வறுமை அவ்வூரைப் புரட்சிக்கு இட்டுச் செல்லவில்லை. கட்சி உறுப்பினர் தொகை குறைந்தது. தொழிலாளர் பத்திரிகையை வாங்குவோரும் குறைந்தனர். துன்பம் தானே போராளிகளை உருவாக்காது. நம்பிக்கையும் அமைப்பும் அறுந்தால் அது மனிதரை ஒடுக்கியே விடும்.

இவ்வாய்வு 1933இல் லைப்சிக் நகரில் நூலாக வெளிவந்தது. ஹிட்லரின் ஆட்சி தொடங்கிவிட்ட ஆண்டு அது. ஆசிரியர்கள் யூதர்களாதலால் அவர்தம் பெயர்கள் அட்டையில் இடம்பெறவில்லை. 1934இல் ஒஸ்திரியத் தொழிலாளர் இயக்கம் நசுக்கப்பட்டது. 1936இல் யகோடா சிறையிடப்பட்டார். மறு ஆண்டு, நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்ற நிபந்தனையின் பேரில் விடுதலையானார்.

ஆலைகள் மூடப்படும் செய்தியைப் படிக்குந்தோறும் நட்டக் கணக்கை மட்டும் பார்ப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. வாசிக்கப்படாத நூல்களையும், தெருவில் தயங்கி நிற்கும் கால்களையும், ஆசையைச் சுருக்கிக்கொள்ளும் பிள்ளையையும் அக்கணக்கில் எழுதுவோர் இலர். மரியென்தாலில் பிள்ளைகளின் உணவுப் பொதியும் கட்டுரைத் தாளும் உண்மையைச் சொல்லின. அவ்விரண்டும் நாள்தோறும் ஆசிரியரின் கண்முன் இருப்பவை அல்லவா?