லண்டனில் பார்த்த கிரேக்கச் சிற்பங்களும் நம்ம ஊர்க் கோபுரமும்

நேற்று சாயங்காலம் தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போயிருந்தேன். கோபுர வாசலில் சாரல் காற்று ஆளைத் தள்ளியது. உள்ளே வீரபத்திரர், ரதி, மன்மதன் சிலைகள் முன் நின்றபோது, சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்த சமயம் பார்த்த பிரிட்டிஷ் மியூசியம் ஞாபகம் வந்தது.

அதன் முகப்பே ஒரு பிரமிப்புதான். பழைய கிரேக்கக் கோயில் பாணியில் ராபர்ட் ஸ்மர்க் வடிவமைத்த கட்டடம். 44 கல்தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

ஒரு நீண்ட கூடத்தில் ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயிலின் சலவைக்கல் சிற்பங்களை வைத்திருக்கிறார்கள். கி.மு. 447-க்கும் 432-க்கும் இடையில் உருவான கோயில் அது. பெண் தெய்வங்களுக்குத் தலை இல்லை. ஆனால் உடுத்திய துணியின் மடிப்பு, நனைந்த சேலை உடம்போடு ஒட்டியது போல் கல்லில் தெரிகிறது. சந்திர தேவதையின் தேரை இரவெல்லாம் இழுத்த குதிரை ஒன்று, களைத்து வாய் திறந்திருக்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

இவை லண்டனுக்கு வந்த கதையும் உண்டு. 1687-இல் துருக்கியர் அந்தக் கோயிலில் வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். வெனிஸ் படை போட்ட குண்டில் அது வெடித்து, கோயில் சிதறியது. பிறகு 1801 முதல், துருக்கியில் பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்தார்கள். 1816-இல் பிரிட்டிஷ் அரசு அவற்றை 35,000 பவுண்டுக்கு வாங்கியது. கிரேக்க நாடு இன்னமும் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாழாய்க் கிடந்ததைக் காப்பாற்றினோம் என்பது எடுத்தவர்கள் பக்கத்து நியாயம்.

நம்ம ஊர்க் கோபுரமும் பாழாய்த்தானே கிடந்தது? என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நூறு வருடத்துக்கும் மேலாக இடிந்து, பிளந்து நின்ற 'மொட்டைக் கோபுரம்' அது. யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. ஒன்பது நிலையும் திரும்ப எழுந்து 1990-இல் கும்பாபிஷேகம் நடந்தது. 15-ஆம் நூற்றாண்டில் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதற்கு ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்பவர்களை விழுந்து வணங்குகிறேன் என்று கல்வெட்டிலேயே சொல்லி வைத்திருக்கிறான். சிதைந்து போனதாலேயே ஒரு கோயில் சொந்தக்காரர் இல்லாததாகி விடாது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். லண்டனில் அந்தச் சிற்பங்கள் மேல் ஒரு தூசி இல்லை. இங்கே, கையில் மிஞ்சிய விபூதியைப் பக்கத்துத் தூணில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் நாம். நானும் சின்ன வயதில் செய்தவன்தான். நேற்று அதை ஒரு காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பாண்டியன் வணங்கியது சரிசெய்பவர்களை; கெடுக்காமலாவது இருப்போமே.