அடிவாரம் என்னும் உயரம்

வவுனியாக் குளக்கட்டில் நின்று நாற்றிசையும் நோக்குபவனுக்கு வயலும் நீரும் காடும் தெரியும், மலை தெரியாது. வன்னிப் பெருநிலம் பெரும்பாலும் சமதரை. வவுனியா நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றது. இத்தகைய மண்ணிற் பிறந்த இளைஞன் ஒருவன் எவரெஸ்ட் மலையின் அடிவாரப் பாசறைவரை நடந்து செல்ல விரும்பினால், அவன் செய்யவேண்டிய ஆயத்தங்கள் யாவை? இவ்வினாவுக்கு விடை கூறத்தக்க நல்லாசிரியர் வரலாறுதான். அந்த ஆசிரியர் கற்பித்த பாடத்துக்கு மனித குலம் பல உயிர்களைக் காணிக்கையாகச் செலுத்தியிருக்கின்றது.

அடிவாரம் என்னும் சொல் முதலில் நம்மை ஏமாற்றிவிடும். இலங்கையின் மிகவுயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர். நேபாளப் பக்கத்தில் உள்ள எவரெஸ்ட் அடிவாரப் பாசறையோ 5,364 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் தீவின் உச்சியைப் போல் இரு மடங்கிலும் மிகுந்தது அங்கே வெறும் அடிவாரம்! அவ்விடத்துக் காற்றிலும் பிராணவாயுவின் பங்கு ஐந்தில் ஒன்றுதான்; அதில் மாற்றம் இல்லை. ஆனால் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதன் பாதியளவாகக் குறைந்துவிடுகின்றது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் ஏறத்தாழப் பாதியே. இக்குறைவுக்கு உடல் மெல்ல மெல்லத் தன்னைப் பழக்கிக்கொள்ளும், அவசரப்படுத்தினால் நோயுறும்.

எவரெஸ்டை நாடிச் சென்ற முதற் குழு 1921ஆம் ஆண்டு திபெத்து வழியாகப் புறப்பட்டது. அதில் அலெக்சாந்தர் கெலஸ் என்னும் இரசாயன அறிஞர் இருந்தார். உயர்ந்த இடங்களில் மனித உடல் எவ்வாறு இயங்கும் என்பதை அவரளவுக்கு ஆராய்ந்தவர் அக்காலத்தில் வெகு சிலரே. அவரோ மலையை அடையுமுன்னரே, வழியில் நோயுற்று, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உயிர் நீத்தார். மறு ஆண்டு பனிச்சரிவு ஒன்று சுமைதூக்குவோர் எழுவரை விழுங்கியது. 1924இல் மலோரியும் ஏர்வினும் மேகத்துள் மறைந்தனர். அறிவு மட்டும் போதாது, துணிவு மட்டும் போதாது என்பது அப்பொழுதே தெரிந்துவிட்டது.

பின்னர் நேபாளத்தின் கதவு திறந்தது. 1952இல் சுவிஸ் குழுவினரான லம்பேர்ட்டும் தென்சிங் நோர்கேயும் உச்சியை நெருங்கித் திரும்பினர். அதே ஆண்டில் கிரிபித் பியூ என்னும் உடலியல் அறிஞர் சோ ஓயு மலைக்குச் சென்று, ஏறுவோரின் மூச்சையும் உணவையும் நீரையும் அளந்து ஆராய்ந்தார். உலர்ந்த மலைக்காற்றில் மூச்சின் வழியாகவே பெருமளவு நீர் வெளியேறுகின்றது. ஆதலால் நாளொன்றுக்கு மூன்று லீற்றருக்குக் குறையாமல் நீர் அருந்தவேண்டும் என அவர் வற்புறுத்தினார். பனி சூழ்ந்த இடத்தில் தாகத்தை எண்ணுபவர் யார்? அதை எண்ணியவர் அவர்.

ஜோன் ஹன்ட் தலைமையிலான 1953ஆம் ஆண்டுக் குழு இப்பாடங்களை மறக்கவில்லை. மார்ச் மாதம் காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்ட குழு, முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சுமையாளருடன், இரண்டு வாரங்களுக்கு மேலாக மேடும் பள்ளமும் கடந்து தியாங்போச்சே மடாலயத்தை அடைந்தது. அங்கிருந்து நேரே எவரெஸ்டை நோக்கி ஓடவில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்கள் சுற்றியுள்ள சிறு மலைகளில் ஏறி இறங்கி உடலைப் பழக்கினர். மே மாதம் 29ஆம் நாள் தென்சிங்கும் ஹிலரியும் உச்சியில் நின்றனர். உலகம் அந்த ஒரு நாளைக் கொண்டாடியது. அதற்கு முந்திய வாரங்களின் பொறுமையைச் சிலரே நினைத்தனர். தென்சிங்குக்கோ அது எவரெஸ்டை நாடிய ஏழாவது பயணம். 1935இல் சுமையாளராகச் சென்றவர் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தார். 1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கல்லூரி நிறுவப்பட்டபோது, களப்பயிற்சியின் முதற் பணிப்பாளராக அமர்ந்தவர் அவரே.

வசதி பெருகியபோது புதியதோர் ஆபத்தும் வந்தது. 1964இல் ஹிலரியின் முயற்சியால் லுக்லாவில் விமானத்தளம் அமைந்தது. பல நாள் நடை ஒரு சிறு பறத்தலாகச் சுருங்கியது. ஆனால் லுக்லாவின் உயரம் ஏறத்தாழ 2,850 மீட்டர். நம் பிதுருதலாகலையினும் உயர்ந்தது. முன்னாளில் நடை தானாகவே தந்த பழக்கத்தை இப்பொழுது பயணி தானாகத் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. விரைந்து ஏறியோர் நோயுறவே, 1973இல் பெரிச்சே என்னும் ஊரில் மலைநோய்க்கான மருத்துவ நிலையம் தோன்றியது. மூவாயிரம் மீட்டருக்கு மேல், துயிலும் இடத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்கு அதிகமாக உயர்த்தலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கவேண்டும் என்பது இன்று மருத்துவர் கூறும் விதி.

இலங்கையர் இப்பாடத்தைக் கற்றதற்குச் சான்று உண்டு. 2016 மே 21ஆம் நாள் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவர் டார்ஜிலிங்கிற் பயின்றவர். உடன் சென்ற யொஹான் பீரிஸ் 8,400 மீட்டர் அளவில் திரும்பவேண்டியதாயிற்று. உச்சி கண்ணெதிரே இருக்கத் திரும்புதல் எளிதன்று. அவ்வாறு திரும்பியவர் 2018இல் மீண்டும் சென்று உச்சியைத் தொட்டார். மலை எங்கும் போய்விடுவதில்லை. உயிரே போனால் மீளாதது.

இனி வன்னி இளைஞனிடம் வருவோம். நடை அவனுக்குப் புதிதன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குச் செல்லும் அடியார் கூட்டம் முல்லைத்தீவு வழியாகவே நெடுங்காலம் நடந்துவருகின்றது. சில மாதங்கள் நாள்தோறும் நடந்து, சுமையுடன் படியேறி, 2,243 மீட்டர் உயர்ந்த சிவனொளிபாதமலையில் ஏறி இறங்கினால் காலும் நெஞ்சும் உரம் பெறும். புதிய பாதணியையும் இங்கேயே அணிந்து பழக்கிவிடலாம். ஆயினும் உரம் வேறு, உயரத்துக்கு இசைதல் வேறு. பின்னையதை இத்தீவில் எங்கும் முழுமையாகப் பெற முடியாது. அதை அம்மலைப் பாதையிலேயே, நாட்களைச் செலவிட்டுத்தான் பெறவேண்டும். ஓட்டப் போட்டியில் முதல்வனாக வருபவனையும் மலைநோய் விட்டுவைப்பதில்லை. அவன் விரைவே அவனுக்குப் பகையாகலாம்.

ஆகவே பயணத்துக்கான பணத்தைச் சேர்ப்பவன் அதனோடு சில ஓய்வு நாட்களையும் சேர்த்துக்கொள்ளட்டும். தலைவலியும் குமட்டலும் கண்டால் அதற்குமேல் ஏறாது தங்குதல் வேண்டும். நடை தள்ளாடினாலும், அறிவு மயங்கினாலும், சும்மா இருக்கையிலேயே மூச்சு முட்டினாலும், இரவென்றும் பாராமல் உடனே கீழிறங்குதல் வேண்டும். அதனை நாணமென்று கருதித் தோழரிடம் மறைத்தவர் பலர் வீடு திரும்பவில்லை. ஏறுவதற்கு எடுத்த ஆயத்தத்தைப் போலவே இறங்குவதற்கும் மனத்தை ஆயத்தம் செய்தவனே தன் கதையை வவுனியாக் குளக்கட்டில் அமர்ந்து பிறருக்குச் சொல்வான்.