வாழ்த்து மடலில் வந்த அலை

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிக் கிளியனூரில் நமக்கு வந்த வாழ்த்து மடல்களுள் ஒன்று நம்மைத் தயங்க வைத்தது. அதில் மாட்டுத் தொழுவமோ விண்மீனோ இல்லை. நகங்களைப் போல் நுரை விரித்து எழும் ஒரு நீல அலை. ஜப்பானிய ஓவியர் ஹோகுசாய் ஏறத்தாழ 1831-இல் மரக்கட்டை அச்சுக்கென வரைந்த 'கனகாவாவின் பேரலை' அது. நமக்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களும் மீனவர் குப்பங்களும் உள்ளன. 2004 டிசம்பர் 26 அன்று, பெருவிழாவின் மறுநாள் காலையில், அக்கரையேறி வந்த கடலை யார் மறப்பார்? அலையையா வாழ்த்தாக அனுப்புவது என்று மனம் கடிந்தது.

ஆயினும் அவ்வோவிய மரபின் வரலாறு நம்மை நிதானிக்கச் செய்தது. பழைய ஜப்பானிய நாட்காட்டியில் 30 நாள் மாதங்கள் எவை, 29 நாள் மாதங்கள் எவை என்பது ஆண்டுதோறும் மாறும். நாட்காட்டி வெளியிடும் உரிமையோ ஒரு சிலருக்கே இருந்தது. எனவே, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரத்துக் கலைச் சுவைஞர்கள், மாத எண்களை ஓவியத்தின் ஆடைக் கோலங்களில் மறைத்து அச்சிட்டுப் புத்தாண்டில் நண்பர்க்கு வழங்கினர். மறைந்த எண்ணைக் கண்டுகொள்வது பெறுபவரின் இன்பம். 1765-இல் இவ்வழக்கம் போட்டியாக வளர, சுசுகி ஹாருநோபு என்னும் ஓவியரும் செதுக்குநரும் அச்சிடுவோரும் நிறத்திற்கொரு மரக்கட்டை அமைத்துப் பல்வண்ண அச்சினைச் செம்மையாக்கினர். லண்டனில் ஹென்றி கோல் 1843-இல் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து மடலை அச்சிடுவதற்கு 78 ஆண்டுகளுக்கு முன்பே, வாழ்த்தின் பொருட்டு ஒரு கலை வளர்ந்திருந்தது! ஹோகுசாயும் அத்தகைய புத்தாண்டு மடல்கள் பல வரைந்தவரே.

பேரலையை வரைந்தபோது அவருக்கு வயது எழுபதை ஒட்டியது. அது நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை அன்று, காற்றால் எழும் கடலலையே என்பர் ஆய்வாளர். உற்று நோக்கினால் அலைக்கடியில் மூன்று படகுகள் தெரிகின்றன. சந்தைக்கு மீன் கொண்டு செல்லும் விரைவுப் படகுகள் அவை. துடுப்பைப் பற்றியபடி முதுகு வளைந்து கிடக்கின்றனர் தொழிலாளர். தொலைவில் ஃபூஜி மலை சிறுத்து, அசையாமல் நிற்கிறது.

அலையை மட்டும் கண்ட நம் கண்ணுக்கு அம்மனிதர் பிந்தியே தெரிந்தனர். அதனால் மடலைச் சுவரில் மாட்டினோம். ஆனால், அன்று உறவினரைக் கடலுக்குக் கொடுத்த இல்லங்களுக்கு அதனை நாம் அனுப்பமாட்டோம். அவர்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது எது என்பதை நாம் அறிவோம். வாழ்த்து எழுத அமருமுன், அதனைப் பிரிக்கப்போகும் கைகளை ஒருகணம் நினைப்போமாக.