மீக்கடத்தல்: ஒரு கோட்பாட்டின் பொய்யெல்லையும் மெய்யெல்லையும்

அறிவியலில் சில உண்மைகள் முதலில் கண்ணுக்குப் புலப்படுகின்றன; அவற்றின் காரணமோ நெடுங்காலம் கழித்தே கருத்துக்குப் புலப்படுகிறது. மீக்கடத்தல் அத்தகையது. சில பொருள்கள், குறிப்பிட்டதொரு வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்ததும் மின்தடையை முற்றிலும் இழக்கின்றன. இந்நிகழ்வு 1911இல் கண்டறியப்பட்டது. அதற்கு நிறைவான விளக்கம் 1957இல்தான் கிடைத்தது. அவ்விளக்கமும் 1986இல் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. ஒரு கோட்பாடு எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்பதை மாணவர்க்கு உணர்த்த இவ்வரலாறு பெரிதும் துணைபுரியும்.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் காமர்லிங் ஓன்னஸ் 1908ஆம் ஆண்டு ஹீலியத்தைத் திரவமாக்கினார். மிகக் கடுங்குளிரில் உலோகத்தின் மின்தடை என்னவாகும் என்பது அன்று விவாதப் பொருளாக இருந்தது. எலக்ட்ரான்கள் உறைந்துவிடும், ஆதலால் தடை பெருகும் என்று கருதினார் கெல்வின் பிரபு. தடை படிப்படியாகக் குறையும் என்று எண்ணினார் ஓன்னஸ். காய்ச்சி வடித்து எளிதில் தூய்மையாக்கக்கூடிய பாதரசத்தை 1911 ஏப்ரலில் அவரது ஆய்வுக்கூடம் சோதித்தபோது, ஏறத்தாழ 4.2 கெல்வினில், அதாவது சுழியத்திற்குக் கீழே 269 பாகை செல்சியஸில், தடை திடீரென மறைந்தது. இருவர் கருத்தும் அத்திடீர் மாற்றத்தை எதிர்பார்த்திருக்கவில்லை. 1933இல் ஜெர்மனியில் மைஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும், மீக்கடத்தி தன்னுள்ளிருந்து காந்தப்புலத்தை வெளியேற்றுவதையும் கண்டனர்.

காரணம் யாது? ஐன்ஸ்டைன், போர், ஹைசன்பர்க், ஃபைன்மன் ஆகியோர் முயன்றும் விடை காணவில்லை. 1950இல் ஒரு தடயம் கிடைத்தது. ஒரே தனிமமாகிய பாதரசத்தில், கனம் மிகுந்த ஐசோடோப்பு சற்றுக் குறைந்த வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாயிற்று. அணுக்கருவின் நிறை இதில் பங்குபெறுகிறதெனில், அணுக்களின் அதிர்வுக்கும் இந்நிகழ்வுக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும்.

அத்தொடர்பை 1957இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினர். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் அது பிசிஎஸ் கோட்பாடு எனப்படுகிறது. படிகத்தில் நேர்மின் அயனிகள் ஒழுங்குற அமைந்துள்ளன. அவற்றிடையே விரையும் எலக்ட்ரான் அருகிலுள்ள அயனிகளைத் தன்பால் சற்றே இழுக்கிறது. அயனிகள் கனமானவை, மெல்லவே பழைய இடத்திற்கு மீளும். அதற்குள் எலக்ட்ரான் நெடுந்தொலைவு சென்றுவிடுகிறது. ஈரமணலில் நடந்தவர் சென்ற பின்னும் அடிச்சுவடு எஞ்சுவது போல, நேர்மின்னேற்றம் மிகுந்த தடமொன்று அங்கே எஞ்சுகிறது. அத்தடம் மற்றோர் எலக்ட்ரானை ஈர்க்கிறது. ஒன்றையொன்று விலக்கும் இயல்புடைய இரு எலக்ட்ரான்கள் இவ்வாறு இணையாகின்றன.

இவ்விணைகள் அனைத்தும் ஒரே குவாண்டம் நிலையில் ஒருங்கே இயங்குகின்றன. சாதாரணக் கம்பியில் அதிரும் அணுக்களும் மாசுகளும் எலக்ட்ரான்களைச் சிதறடிப்பதால் தடை தோன்றுகிறது. மீக்கடத்தியிலோ, ஓர் இணையைப் பிரிக்கவே குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. கடுங்குளிரில் அது கிடைப்பதில்லை. எனவே ஓட்டம் சிதறுவதில்லை. வெப்பத்தில் தடையை விளைவிக்கும் அணு அதிர்வே குளிரில் இணைப்புக்கும் காரணமாகிறது. சிறந்த கடத்திகளான செம்பும் வெள்ளியும் மீக்கடத்திகளாகாமைக்கு, அவற்றில் எலக்ட்ரான்களுக்கும் அதிர்வுகளுக்கும் உள்ள பிணைப்பு வலுவற்றிருப்பதே காரணம். மூவரும் 1972இல் நோபெல் பரிசு பெற்றனர்.

வெற்றி ஒரு வேலியையும் எழுப்பிற்று. 1973 வரை எட்டப்பட்ட உச்ச வெப்பநிலை ஏறத்தாழ 23 கெல்வின். அதிர்வினால் விளையும் ஈர்ப்பு 30 கெல்வினுக்கு மேல் இணைகளைக் காக்காது என்ற நம்பிக்கை பரவியது. 1986இல் சூரிக் நகருக்கு அருகிலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னோர்ட்சும் முல்லரும், பலரும் நாடாத ஆக்சைடுகளில் தேடினர். லாந்தனம், பேரியம், செம்பு ஆகியவற்றின் ஆக்சைடு 30 கெல்வினைத் தாண்டி மீக்கடத்தியாயிற்று. மறு ஆண்டே இட்ரியம் கலந்த செம்பு ஆக்சைடு 90 கெல்வினைக் கடந்தது. விலைமிக்க திரவ ஹீலியத்தின் இடத்தில், 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதுமானதாயிற்று.

இங்கேதான் கோட்பாட்டின் மெய்யெல்லை தென்படுகிறது. எலக்ட்ரான்கள் ஏறக்குறையத் தனித்தனியே திரியும் நல்ல உலோகமே பிசிஎஸ் கோட்பாட்டின் தொடக்கப் புள்ளி. இப்புதிய சேர்மங்களின் மூலப்பொருளோ, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று மிக வலுவாக விலக்குவதால் மின்கடத்தாப் பொருளாக நிற்பது. அதில் வேற்றணுக்களைக் கலந்தால் மீக்கடத்தல் பிறக்கிறது. இங்கும் எலக்ட்ரான்கள் இணைகின்றன. ஆனால் இணைப்பது எது என்பதில் இன்றளவும் கருத்தொற்றுமை இல்லை. அவ்விலக்கமே இணைப்புக்கு வழிவகுக்கிறது என்னும் கருத்தை 1987இல் ஆண்டர்சன் முன்வைத்தார். அக்கருத்தை அவருடன் இணைந்து வளர்த்தவர்களுள் ஒருவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன்.

ஆயினும் 30 கெல்வின் என்னும் வேலி கோட்பாட்டிற்கு உரியதன்று. 2015இல் ஹைட்ரஜன் சல்ஃபைடு, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 15 லட்சம் மடங்கு அழுத்தத்தில், 203 கெல்வினில் மீக்கடத்தியானதாக அறிவிக்கப்பட்டது. அங்கே இணைகளைப் பிணைப்பது பழைய அணு அதிர்வே என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கின்றனர். மனிதர் தாமே நட்ட வேலி பொய்யெல்லை. கோட்பாட்டின் எடுகோள்கள் வகுப்பது மெய்யெல்லை. வகுப்பறையில் சூத்திரத்தைக் கற்பிக்கும்போதே, அது எந்த எடுகோளின்மீது நிற்கிறது என்பதையும் கற்பித்தல் வேண்டும். அப்போதுதான் இவ்விரண்டையும் வேறு பிரித்தறியும் திறன் மாணவர்க்கு வாய்க்கும்.